டிபன் பாக்ஸைத் திறந்த நீர்நாய்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலதியைத் தெரியாத வீடு கிடையாது. மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டு வாசலிலும் ஏறி இறங்கியாக வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு யூனிட் கூட்டி எழுதினாள், குறைத்து எழுதினாள் என்று ஒரு புகார் வந்ததில்லை. வேலையில் அப்படி ஒரு சுத்தம். வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால்தான் வினை.

செம்மங்குப்பம் பக்கம் ஒரு மீட்டர் பெட்டிக்குள் பல்லி ஒன்று இருந்தது. அன்று சாயங்காலம் கணவனிடம் சொல்லும்போது அது ஓணான். மறுநாள் எதிர்வீட்டில் சொல்லும்போது உடும்பு. அடுத்த வாரம் சிதம்பரத்தில் நாத்தனார் வீட்டில் சொன்னபோது அந்த உடும்பு தனியாகக்கூட இல்லை, குடும்பத்தோடு இருந்தது. 'தானே' புயலில் அவர்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி பறந்து பக்கத்துத் தெருவில் விழுந்தது உண்மை. ஆனால் மாலதி சொல்லும்போது அது கெடிலம் ஆற்றைத் தாண்டித்தான் விழும், அதுவும் ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல்.

இதை வைத்து அவளைப் பொய்க்காரி என்று சொல்வது அநியாயம். பொய் சொல்கிறவர்களுக்கு அதில் ஏதாவது ஆதாயம் இருக்கும். மாலதிக்கு என்ன இருக்கிறது? கேட்கிறவர்கள் ஒரு நிமிஷம் கண்ணை அகல விரித்தால் போதும், அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். ஆனால் ஊர் வாய் அப்படி நினைக்குமா? சொந்தக்காரர்கள் அவள் பேச ஆரம்பித்தாலே ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். அதிலும் நாத்தனார் புஷ்பவள்ளியின் கணவர் கோவிந்தசாமி இருக்கிறாரே, சர்வேயராக இருந்து ரிட்டையர் ஆனவர், சங்கிலி போட்டு அளக்காத எதையும் நம்பமாட்டார். "எம்மாம் பெருசும்மா? அடிக்கணக்குல சொல்லு" என்று நடுக்கதையில் கேட்டுவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் கதைதான் எழுந்து நிற்கும்?

அப்படிப்பட்டவளுக்குத்தான் போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிதம்பரம் பக்கத்துக் கிள்ளை உப்பங்கழியில் அந்த நீர்நாய் காட்சி கொடுத்தது. புலி வருது புலி வருது என்று சொல்லிக்கொண்டிருந்தவள் முன்னால் நிஜமாகவே புலி வந்து நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

அன்று அவளும் கணவர் செம்பியனும் ராஜவேலுவின் படகில் போயிருந்தார்கள். செம்பியன் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். ஆறடி உயரம், மேல்நோக்கி முறுக்கிய மீசை, கழுத்தில் விசில். 'பயம்னா என்னான்னு எனக்குத் தெரியாது' என்பது அவர் பிள்ளைகளுக்கு தினமும் சொல்லும் மந்திரம். முதல் போஸ்டிங் கிள்ளை பக்கம். அங்கே அவரிடம் கபடி கற்றவன்தான் ராஜவேல். இப்போது சொந்தமாகப் படகு வைத்திருக்கிறான். "சார், ஒரு தடவை அம்மாவ இட்டுக்கினு வாங்க சார்" என்று நாலு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சாரும் நாலு வருஷமாக ஏதோ ஒரு காரணம் சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மாலதி விடவில்லை.

செல்போனைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். போன வருஷம் சில்வர் பீச்சில் ஒரு போன் அலையோடு போய்விட்டதிலிருந்து அமலில் இருக்கிறது. அதனால் மாலதி அலமாரியிலிருந்த பழைய டிஜிட்டல் கேமராவை எடுத்து வந்திருந்தாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி துபாயிலிருந்து வாங்கி வந்தது. பின்பக்கத்துத் திரை கறுத்துப்போய் நாலு வருஷம் ஆகிறது. பட்டனை அமுக்கினால் 'டிக்'கென்று சத்தம் வரும். உள்ளே படம் விழுந்ததா, இல்லையா என்பது ஆண்டவனுக்கு வெளிச்சம். "வீட்டுக்குப் போயி கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துக்கலாம்" என்று சொல்லி எடுத்து வந்தாள்.

அலையாத்திக் காட்டுச் சுரபுன்னை மரங்களுக்கு நடுவே வாய்க்கால் குறுகும் இடம். மாலதி படகின் முன்முனையில் உட்கார்ந்து வானத்தையும் வேரையும் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுப்பலகையில் செம்பியனும் டிபன் பாக்ஸும். பின்னால் ராஜவேல் துடுப்போடு. திடீரென்று படகு ஒரு ஆட்டம் ஆடியது. யாரோ 'ஐயோ' என்று கத்தினார்கள். மாலதி திரும்பினாள்.

நடுப்பலகையில் ஒரு நீர்நாய் பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது. மேலெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட, இரண்டு முன்னங்கையாலும் டிபன் பாக்ஸ் மூடியைப் பிடித்துக்கொண்டு, ஹோட்டல் தட்டை ஏந்தி நிற்கும் சப்ளையர் போல நின்றது. மாலதிக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. கை தானாகக் கேமராவைத் தூக்கி, டிக், டிக், டிக் என்று மூன்று தடவை அமுக்கியது. நீர்நாய் மூடியைப் போட்டது, பாக்ஸுக்குள் தலையை விட்டது, பெரிய சங்கரா மீன் துண்டாகப் பார்த்துக் கவ்வியது, சளக்கென்று தண்ணீருக்குள் போய்விட்டது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" மாலதி படகிலேயே எழுந்து குதித்தாள்.

செம்பியன் நடுப்பலகையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "என்னாத்த?" என்றார்.

"நீர்நாயிங்க! டப்பாவத் தொறந்து மீன எடுத்துக்கினு போச்சே!"

"நான் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருந்தேன். நான் எதுவும் பாக்கல."

"ஏம்ப்பா ராஜவேலு, நீ?"

ராஜவேல் சாரைப் பார்த்தான். துடுப்பைப் பார்த்தான். "நானும் கவனிக்கலீங்கம்மா" என்றான்.

மாலதிக்கு அதெல்லாம் அப்போது உறைக்கவே இல்லை. கரை ஏறியதும் கரையில் விட்டுவிட்டுப் போயிருந்த போனை எடுத்தாள். இருட்டுவதற்குள் பதினேழு பேருக்குச் சொல்லியாகிவிட்டது. ஒரு விஷயத்தை இங்கே பதிவு செய்தாக வேண்டும். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுவதற்கு இடமே இல்லை, அவ்வளவு நிறைவாக நடந்திருந்தது. அதையேதான் ஒருவரும் நம்பவில்லை.

"நீர்நாயி மூடியத் தொறந்துச்சா?" என்று சிதம்பரத்திலிருந்து கோவிந்தசாமி கேட்டார். "தொறந்துட்டு கை கழுவிக்கினு வந்து ஒக்காந்துச்சா, இல்ல அப்படியேவா?"

"அண்ணா, சத்தியமா. போட்டோ எடுத்திருக்கேன்."

"சரிம்மா. வர்ற ஞாயித்துக்கெழமை எம்பொண்ணு வினோதினி வளைகாப்புக்கு வருவீங்கல்ல? எல்லாரும் இருப்பாங்க. அங்க காட்டு. காட்டிட்டேன்னு வச்சுக்க, இனிமே நீ என்னா சொன்னாலும் நான் மறுபேச்சுப் பேசமாட்டேன். காட்டலேன்னா நீ இனிமே எங்கிட்ட கதையே சொல்லக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். கதை சொல்லாமல் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து அவள் என்ன செய்வாள்? பாத்திரமா தேய்ப்பாள்?

திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து வந்த கையோடு கம்ப்யூட்டர் மேலிருந்த பூவேலை போட்ட துணியை எடுத்தாள். மகள் அனுப்பிரியா இன்ஜினீயரிங் படித்தபோது வாங்கியது. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அது பெரும்பாலும் துணி போர்த்திக்கொண்டு தூங்கியது. பட்டன் டப்பாவிலிருந்து ஒரு ஒயரைத் தேடி எடுத்து ஒரு முனையைக் கேமராவிலும் மறுமுனையைக் கம்ப்யூட்டரிலும் செருகிவிட்டுக் காத்திருந்தாள். கம்ப்யூட்டர் வந்த விருந்தாளியை யாரென்றே கேட்கவில்லை.

அனுப்பிரியாவுக்குப் போன் போட்டாள்.

"கேமராவ ஆன் பண்ணியாம்மா?"

"ஆன் பண்ணணுமா?"

செம்பியன் பின்னாலிருந்து "அவளுக்கு ஆயிரம் வேலை இருக்கும், ஏன் தொந்தரவு பண்ற" என்றார். மாலதி காதில் வாங்கவில்லை. பேட்டரி செத்திருந்தது. ஹால் கடிகாரத்திலிருந்து ஒன்று, சமையலறைக் கடிகாரத்திலிருந்து ஒன்று உருவிப் போட்டாள். கேமராவின் மூக்கு சர்ரென்று நீண்டது. கம்ப்யூட்டர் அப்போதும் அசையவில்லை. மறுநாள் காலை ஹால் கடிகாரம் ஆறு பத்திலேயே நின்றிருக்க, செம்பியன் இன்னும் நேரம் இருக்கிறதென்று இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தார். அன்றைக்குப் பிரேயருக்கு விசில் ஊத ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மகள் வேறொரு யோசனை சொன்னாள். "முன்னாடி இருக்கற ரெண்டு ஓட்டையும் ரொம்ப நாளாவே வேலை செய்யலம்மா. பின்னாடி நாலு இருக்கும், அதுல சொருகு."

பின்னாடி என்றால் மேஜையை நகர்த்த வேண்டும். மேஜையை நகர்த்தினால் பீரோவை நகர்த்த வேண்டும். ஒன்பது வருஷத்து ஒட்டடையும், காணாமல் போன பவுன் கம்மலின் திருகும் கிடைத்தன. கம்ப்யூட்டர் மட்டும் கேமரா கிடைத்ததாகச் சொல்லவில்லை. புதன்கிழமை கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள். வியாழக்கிழமை மகள் பெங்களூரிலிருந்தபடியே இந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, அம்புக்குறியைத் தானே அங்கே இங்கே ஓட்டிப் பார்த்தாள். ஆள் இல்லாமல் அம்பு நகர்வதைப் பார்த்து மாலதி வாய் பிளந்தாள். மறுநாள் அவள் போன ரூட்டில் எல்லா வீட்டுக்கும் அந்தச் செய்தி போயிற்று. அதில் அம்பு மட்டுமில்லை, நாற்காலியும் கொஞ்சம் நகர்ந்தது.

வெள்ளிக்கிழமை கேமராவையும் ஒயரையும் தூக்கிக்கொண்டு பாலகுமார் ஸ்டுடியோவுக்குப் போனாள். கல்யாண சீசன். பாலகுமார் ஒரு ஆல்பத்துக்குள் தலையை விட்டிருந்தான். நிமிராமலேயே கேமராவின் அடிமூடியைத் திறந்து பார்த்தான்.

"அக்கா, கார்டே இல்லையே."

"கார்டா? அத எம்பொண்ணு காலேஜ் போறப்ப எடுத்துக்கினு போயிட்டாளே!" மாலதி கேமராவை வாங்கிக் குலுக்கிப் பார்த்தாள். "அப்ப படமே விழுந்திருக்காதா?"

"விழுந்திருக்கும். இந்த மாடல்ல உள்ளயே கொஞ்சம் எடம் இருக்கும், பத்துப் பன்னெண்டு படம் நிக்கும். ஆனா அது ஒயர் வழியாத்தான் வெளிய வரும். நீங்க போட்ட ஒயர் சார்ஜ் ஏத்துற ஒயரு. அதுல கரண்ட்தான் போவும், படம் போவாது. இந்தாங்க, இத எடுத்துக்கினு போங்க. திங்கக்கெழமை குடுத்தா போதும்."

சனிக்கிழமை. செம்பியன் விளையாட்டுப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போய்விட்டார். மாலதி குளித்து, சாமி கும்பிட்டு, பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பாலகுமாரின் ஒயர், பின்பக்க ஓட்டை, புதுப் பேட்டரி, ஆன் செய்த கேமரா. எல்லாம் சரி. கம்ப்யூட்டர் கல்லுப்பிள்ளையார்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மகளை வீடியோவில் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காத்தால வளைகாப்புடி. நான் என்னா மூஞ்சிய வச்சுக்கினு போவேன்?"

"அழாதம்மா. போனத் திருப்பி கேமராவக் காட்டு. ம்... மா, ஒயர் முழுசா உள்ள போகல பாரு. பாதி இரும்பு வெளியவே நிக்குது."

"அது அவ்ளோதான் போகும். நான் நல்லா அமுக்கிப் பாத்துட்டேன்."

"கழட்டு. அந்த ஓட்டையக் காட்டு. கிட்ட. இன்னும் கிட்ட. மா, உள்ள என்னா மஞ்சளா இருக்கு?"

மாலதி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"சந்தனம்" என்றாள்.

"கேமராவுக்குள்ள எதுக்கும்மா சந்தனம்?"

"ஆயுத பூஜைக்கு வச்சது."

அந்த வீட்டு ஆயுத பூஜை சாமானியமில்லை. அரிவாள்மணை, தையல் மிஷின், ஸ்கூட்டி, மிக்ஸி, செம்பியனின் விசில் வரைக்கும் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. வழுவழுப்பான சாமானில் சந்தனம் வைத்தால் மறுநாளே காய்ந்து உதிர்ந்துவிடும். பொட்டில்லாமல் ஒரு பொருள் மூளியாக நிற்பதை மாலதியால் தாங்க முடியாது. அதனால் எந்தப் பொருளிலும் ஒரு குழி பார்த்து அதில் வைப்பாள். குழியில் வைத்தால் அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் நிற்கும். கேமராவின் பக்கவாட்டில் ரப்பர் மூடி விழுந்துபோய், சின்னதாக, நீள்சதுரமாக, சந்தனம் வைப்பதற்கென்றே செய்தது போல ஒரு குழி இருந்தது. ஒன்பது வருஷமாக, வருஷத்துக்கு ஒரு பொட்டு, நன்றாக அழுத்தி வைத்திருக்கிறாள். கார்டு இருந்த காலத்தில் அந்த ஓட்டைக்கு வேலை இல்லை, கார்டு போன பிறகு கேமராவுக்கே வேலை இல்லை என்பதால் ஒருவரும் அதை எட்டிப் பார்த்ததில்லை.

"மா," மகளின் குரல் ஒரு மாதிரி வந்தது, "கம்ப்யூட்டருக்கு முன்னாடி ரெண்டு ஓட்டை இருக்குல்ல, அதயும் கொஞ்சம் பாரேன்."

மாலதி குனிந்து பார்த்தாள். "இதுல சந்தனம் இல்லடி."

"அப்பாடா."

"குங்குமம்."

அனுப்பிரியா போனைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். பெங்களூரின் கூரை மட்டும் திரையில் தெரிந்தது. சிரித்து முடித்து வந்து, பேட்டரியைக் கழற்றச் சொன்னாள், ஈரம் படக் கூடாது என்றாள், ஊசி வேண்டாம், மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டு என்றாள். மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டாள். மாலதி துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை ஒடித்து எடுத்தாள். காது குடைவது போல முக்கால் மணி நேரம் குடைந்தாள். ஒன்பது வருஷத்துச் சந்தனம் பொடிப்பொடியாக மடியில் விழுந்தது. நல்ல அசல் சந்தனம், இன்னும் வாசனை போகவில்லை. ஊதினாள். பேட்டரியைப் போட்டாள். ஒயரைச் செருகினாள். இந்தத் தடவை அது கடைசிவரை போய் 'க்ளிக்'கென்று உட்கார்ந்தது.

கம்ப்யூட்டர் டடிங் என்றது. மாலதி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

கடைசி மூன்று படம்தான் அந்த மூன்று டிக். முதலாவது முழுக்க அவள் கட்டைவிரல். இரண்டாவது வானம். மூன்றாவதைத் திறந்தாள்.

நீர்நாய் இருந்தது. நட்டநடுவில், பளிச்சென்று, இரண்டு கையிலும் மூடியோடு நின்றது. ஒரு மீசை மயிர்கூட மங்கவில்லை. அதற்குப் பின்னால் ராஜவேல் உட்கார்ந்திருந்தான். ராஜவேலுவின் மடியில் செம்பியன் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ராஜவேலுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. இரண்டு காலும் பலகையில் படாமல் அந்தரத்தில் மடங்கியிருந்தன. கண் நீர்நாயைப் பார்த்து நிலைகுத்தியிருந்தது. வாய் திறந்திருந்த திறப்பில் ஒரு லட்டை முழுசாகப் போடலாம். ராஜவேலுவின் முகத்தில் இதை யாரிடம் சொல்வது என்ற கவலை தெரிந்தது.

மாலதி சிரித்தாள். மேஜையில் தலையை வைத்துச் சிரித்தாள், நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள். மறுபடியும் தரைக்கே போனாள். செம்பியன் உள்ளே நுழைந்ததை அவள் கவனிக்கவில்லை.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அனுப்பிட்டியா?"

"யாருக்கு?"

"சிதம்பரம் மாமாவுக்கு."

"இன்னும் இல்ல." சிரிப்பு நின்றதும் அவளுக்குக் கோபம் வந்தது. அது இவ்வளவு வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "பாக்கலன்னு சொன்னீங்களே! ஒரு வாரமா ஊரே என்னப் பாத்துச் சிரிக்குது. பக்கத்துல ஒக்காந்துக்கினு, நான் பாக்கலன்னு கூசாம சொன்னீங்களே. நானும் பைத்தியக்காரி மாதிரி இந்தக் கேமராவக் கட்டிக்கினு அழுவுறேன். ஒரே ஒரு வார்த்தை, நெசந்தான்னு சொல்லியிருந்தா எனக்கு இதெல்லாம் எதுக்கு?"

செம்பியன் கட்டிலில் உட்கார்ந்தார். ஆறடி ஆள் நாலடியாகத் தெரிந்தார்.

"எனக்கு நீச்சல் தெரியாது மாலதி. தண்ணின்னாலே எனக்குக் கையி காலு ஓடாது. அந்தப் பையன நானு, எதிராளியப் பாத்துப் பயந்தான்னு கிரவுண்ட சுத்திப் பத்து ரவுண்டு ஓட வுட்டிருக்கேன். அவன் மடியில போயி..." மீசையைத் தடவினார். "மாமாவுக்குத் தெரிஞ்சுதுன்னா ஆயுசுக்கும் விடமாட்டாரு."

அனுப்பாதே என்று அவர் சொல்லவில்லை. எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். காலையில் மாலதி ஊற்றிய செடிக்கே ஊற்றினார்.

மாலதி படத்தைத் தன் போனுக்கு மாற்றிக்கொண்டாள். வெட்டிப் பார்த்தாள். இடப்பக்கம் வெட்டினாலும் வலப்பக்கம் வெட்டினாலும் நீர்நாயின் தலைக்கு நேர் பின்னால் செம்பியனின் திறந்த வாய் இருந்தது. மேலே வெட்டினால் நீர்நாய்க்குத் தலை போகிறது, விட்டால் புருஷனுக்கு மானம் போகிறது. தலையில்லாத பழுப்பு உருவத்தைக் காட்டினால் கோவிந்தசாமி அண்ணன், நனைந்த கோணிப்பையா என்று கேட்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரம் பஸ்ஸில் மாலதி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் வருவது செம்பியனுக்குப் படகைவிடப் பயமாக இருந்தது.

மண்டபத்தில் வினோதினிக்கு இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் ஏறியிருந்தது. பாட்டும் கேலியும் ஓய்ந்து, கலவைச் சாதப் பந்தி உட்கார்ந்தது. புளிச்சாதம் பரிமாறி எலுமிச்சைச் சாதம் வருவதற்குள் கோவிந்தசாமி எழுந்து நின்றுவிட்டார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு ஒரு வாரமாக அவல் கிடைத்திருந்தது.

"மாலதி! எங்கம்மா நீர்நாயி?"

பந்தியே திரும்பியது. நாற்பது தலைகள். மாலதி கைப்பைக்குள் கையை விட்டாள். போன் விரலில் பட்டது. எடுத்து நீட்டினால் போதும், இத்தனை வருஷத்துச் சிரிப்புக்கெல்லாம் அடைப்பு விழுந்துவிடும். எதிர் வரிசையில் செம்பியன் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையில் எடுத்த உருண்டை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. அவள் கையை வெளியே எடுத்தாள். வெறுங்கைதான் வந்தது.

"கம்ப்யூட்டர் எடுக்கலண்ணா" என்றாள்.

மண்டபம் இடிந்துவிடும் போலச் சிரித்தது. "நான் சொல்லல? எனக்குத் தெரியும்!" கோவிந்தசாமி நீர்நாய் போல இரண்டு கையாலும் மூடியைத் திறந்து காட்டினார். கை கழுவிக் காட்டினார். துண்டில் துடைத்துக் காட்டினார். புஷ்பவள்ளிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மாலதியும் சிரித்தாள். அப்பளத்தை எடுத்து சின்னச் சின்னதாக நொறுக்கினாள்.

"வந்துச்சு மாமா."

யாரென்று எல்லோரும் திரும்பினார்கள். செம்பியன் எழுந்து நின்றிருந்தார். கையில் புளிச்சாதம் ஒட்டியிருந்தது.

"நீர்நாயி வந்துச்சு. மூடியத் தொறந்துச்சு. மாலதி சொன்னதுல ஒரு எழுத்துப் பொய்யில்ல. நான் பாத்தேன்."

"நீதான் பாக்கலன்னு சொன்னியேப்பா?"

"பொய் சொன்னேன் மாமா. நான் பயந்துட்டேன். பயந்து படகு ஓட்டுற பையன் மடியில ஏறி ஒக்காந்துக்கினேன். அது வெளிய தெரிஞ்சுடும்னுதான் பாக்கலன்னேன்."

கோவிந்தசாமி மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். "பாருங்கய்யா! பொண்டாட்டிக்காக ஆறடி ஆளு எப்பிடி அளந்து வுடுறான் பாருங்க! மடியில ஒக்காந்தானாம்! ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தருக்குத் தொத்திக்கிச்சு!"

மறுபடியும் சிரிப்பு. செம்பியனுக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் தன் வாயால் ஒரு வெட்கக்கேட்டை ஒப்புக்கொள்கிறார், அதையும் நம்பமாட்டோம் என்றால்?

"சத்தியமா மாமா! அது சாதா நீர்நாயா? எம்மாம் பெருசுன்னு நெனைக்கிறீங்க? இதோ, இந்த டேபிள் உசரம்!"

மாலதி நிமிர்ந்தாள். முழங்கால் உயரம்கூட இருக்காது.

"அடிக்கணக்குல சொல்லுப்பா" என்றார் கோவிந்தசாமி.

"நாலடி! அஞ்சடி இருக்கும்! மூடியப் புடிச்சுக்கினு என்னையே நேருக்கு நேரா மொறச்சுது மாமா. பல்ல காட்டுச்சு. ஒவ்வொரு பல்லும் இம்மாம் நீளம்!"

நீர்நாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. போட்டோ அவள் கைப்பைக்குள் இருக்கிறது. பந்தியில் பாதிப் பேர் சாப்பாட்டை விட்டுவிட்டு செம்பியனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வினோதினி வளையல் குலுங்க முன்னால் சாய்ந்திருந்தாள். செம்பியன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, பல்லின் நீளத்தைக் காட்டிவிட்டு, அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார்.

மாலதி இலையை ஓரமாக நகர்த்தி வைத்து, தாடையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.